வீடு நகரவில்லை, கோடு நகர்ந்தது

2025 மார்ச் 11ஆம் தேதி, சிங்கப்பூரில் தொகுதிகளின் கோட்டை வரையும் தேர்தல் எல்லைகள் மறுஆய்வுக் குழுவின் அறிக்கை வெளியானது. அன்று மாலை வேலை முடிந்து வீடு திரும்பியபோது, என் மகள் சாப்பாட்டு மேசையில் கைபேசியை வைத்துக்கொண்டு வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது முதல் தேர்தல். "அப்பா, நாம் வீடு மாறவே இல்லையே. தொகுதி மட்டும் எப்படி மாறியது?" என்று கேட்டாள்.

பதினெட்டு ஆண்டுகளாக அதே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் குடியிருக்கிறோம். கீழே அதே காப்பிக்கடை, அதே பஸ் நிறுத்தம். சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கும் புளோக்குகள் பழைய தொகுதியிலேயே இருக்க, எங்கள் பக்கம் மட்டும் வேறொன்றோடு சேர்ந்திருந்தது. "ஓரிடத்தில் ஆள் கூடும், ஓரிடத்தில் குறையும். அதற்கு ஏற்பக் கோட்டை மாற்றி வரைவார்கள்" என்றேன். "எங்கே கூடியது? எவ்வளவு கூடினால் மாற்றுவார்கள்? யார் முடிவுசெய்கிறார்கள்?" என்று அடுக்கினாள். முதல் கேள்விக்கே என்னிடம் முழுப் பதில் இல்லை. அடுத்த பல வாரங்கள் இதையே தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்க மாநிலங்கள், மலேசியா, தமிழ்நாடு என்று படிப்பு விரிந்துகொண்டே போனது. அதில் எனக்குத் தெளிவானவற்றை எழுதுகிறேன்.

கோட்டை மாற்றாமலே விட்டால் என்ன ஆகும்? அதை அலபாமா செய்தே காட்டியிருக்கிறது. அமெரிக்காவின் அந்தத் தென் மாநிலம் 1900ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துத் தன் சட்டமன்றத் தொகுதிகளை வகுத்தது. பிறகு அறுபது ஆண்டுகள் அவற்றைத் தொடவே இல்லை. நகரங்கள் பெருத்தன, கிராமப்புற மாவட்டங்கள் மெலிந்தன. 1960ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, பர்மிங்ஹாம் நகரம் அடங்கிய ஜெஃபர்சன் மாவட்டத்தில் 600,000க்கும் மேற்பட்டோர் இருந்தனர். லவுண்ட்ஸ் மாவட்டத்தில் ஏறத்தாழ 15,400 பேர். மாநில மேலவையில் இரண்டுக்கும் ஓர் இடம்தான். ஜெஃபர்சனில் நாற்பத்தொரு பேர் சேர்ந்து பெற்ற குரலை லவுண்ட்ஸில் ஒருவர் தனியாகப் பெற்றார். மாநில மக்களில் கால் பங்கினர் வாழ்ந்த தொகுதிகளே மேலவையில் பெரும்பான்மையைத் தேர்ந்தெடுக்கப் போதுமானவையாக இருந்தன.

இதைத் திருத்தும் அதிகாரம், இந்தப் பழைய கோடுகளால் பதவிக்கு வந்தவர்களிடமே இருந்தது. தன் நாற்காலியின் காலைத் தானே அறுத்துக்கொள்ள யார் முன்வருவார்? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. டென்னசி மாநிலம் பற்றிய வழக்கில், இத்தகைய முறையீடுகளை நீதிமன்றங்கள் விசாரிக்கலாம் என்று 1962ல் முடிவானது. 1964 ஜூன் 15ஆம் தேதி அலபாமா வழக்கில் தீர்ப்பு வந்தது. மாநிலச் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளும் மக்கள்தொகை அடிப்படையிலேயே அமைய வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. சட்டமன்ற உறுப்பினர்கள் மனிதர்களுக்குத்தான் பிரதிநிதிகள், மரங்களுக்கும் ஏக்கர்களுக்கும் அல்ல என்று தலைமை நீதிபதி எர்ல் வாரன் எழுதினார். அந்தக் காலத்தில் கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தின் 6 மில்லியன் பேருக்கு மாநில மேலவையில் ஒரே ஓர் உறுப்பினர். மலைப்பகுதியில் 14,000 பேரைக் கொண்ட தொகுதிக்கும் ஓர் உறுப்பினர். ஆகவே இது தெற்கின் நோய் மட்டுமல்ல.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு அமெரிக்க மாநிலங்களில் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கியது. பத்து ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரல் 1ஆம் தேதியை அடிப்படையாக வைத்துத் தலை எண்ணுகிறார்கள். 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்தத் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் தெருவாரியான சிறு கட்டம் வரைக்குமான எண்ணிக்கையை ஒவ்வொரு மாநிலத்திடமும் ஒப்படைக்க வேண்டும். கொவிட்டால் 2020 கணக்கெடுப்பின் விவரங்கள் தாமதமாகி 2021 ஆகஸ்ட் 12ஆம் தேதிதான் வந்துசேர்ந்தன. அந்தத் தாமதமே பல மாநிலங்களில் பெரிய தலைவலியானது. கோடு எப்போது மாறும் என்பது ஊருக்கே முன்கூட்டித் தெரிந்திருக்கிறது என்பதைத்தான் இதில் நான் முதலில் கவனித்தேன். பதவியில் இருப்பவர் நாள் பார்த்துத் தொடங்கும் வேலையாக அது இல்லை. டெக்சஸ் 2025ல் செய்ததுபோல், பத்தாண்டின் நடுவில் நாடாளுமன்றத் தொகுதிகளை மாற்றி வரையும்போது அங்கே எழும் கூச்சலுக்கும் இதுவே காரணம். புதிய கணக்கெடுப்பு எதுவும் வராத நேரத்தில் கோடு நகர்ந்தால், அதை நகர்த்தியது வேறு ஏதோ ஒன்று என்பது எல்லாருக்கும் புரிந்துவிடுகிறது.

சரி, தலையை எண்ணுகிறோம். யாருடைய தலையை? என் மகளுக்கு இது மிகச் சாதாரணக் கேள்வியாகத் தெரிந்தது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் மேலே சொன்ன லவுண்ட்ஸ் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்த 15,400 பேரில் ஐந்தில் நால்வர் கறுப்பினத்தவர். 1965 தொடக்கத்தில் அவர்களில் ஒருவர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. இடம் ஒதுக்கும்போது அவர்களும் கணக்கில் இருந்தார்கள், வாக்களிக்கும்போது இல்லை. ஆக, அந்த மேலவை இடம் உண்மையில் ஏறத்தாழ மூவாயிரம் வெள்ளையரின் கையில் இருந்தது.

ஐயோவா மாநிலத்தின் அனமோசா என்ற சிற்றூரில் நடந்தது இன்னும் நெருக்கமாகப் பார்க்க வேண்டிய ஒன்று. அந்த ஊர் நகர மன்றத்துக்கு நான்கு வட்டாரங்கள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 1,400 பேர் இருக்கும்படி பிரித்திருந்தார்கள். கணக்கில் குறையே சொல்ல முடியாது. ஆனால் இரண்டாம் வட்டாரத்துக்குள் மாநிலச் சிறைச்சாலை இருந்தது. கைதி எங்கே உறங்குகிறாரோ அங்கேயே அவரை எண்ணுவது அமெரிக்கக் கணக்கெடுப்பின் வழக்கம். அதனால் அந்த வட்டாரத்தின் 1,400 பேரில் 1,300க்கும் மேற்பட்டோர் கைதிகள். அவர்களுக்கு வாக்கில்லை. வெளியே இருந்தவர்கள் 60 பேர்கூட இல்லை. 2005ல் அங்கே யாரும் போட்டியிட முன்வரவில்லை. வாக்குச் சீட்டில் இரண்டு பேர் கையால் எழுதிய பெயருக்கு உரியவர் அந்த இரண்டே வாக்குகளில் மன்ற உறுப்பினர் ஆனார். பிறகு ஊரார் வட்டார முறையையே கைவிட்டார்கள். நியூயார்க், மேரிலாந்து போன்ற மாநிலங்கள் 2010ல் சட்டம் இயற்றி, தொகுதி வரையும்போது கைதியை அவருடைய சொந்த முகவரியில் சேர்த்து எண்ணத் தொடங்கின.

டெக்சஸில் சிலர் இதற்கு நேர்மாறான கேள்வியை எழுப்பினார்கள். குழந்தைகள், குடியுரிமை இல்லாதோர் எல்லாரையும் எண்ணுவதால், தகுதியுள்ள வாக்காளர் அதிகம் வாழும் இடங்களில் ஒரு வாக்கின் எடை குறைகிறது, ஆகவே வாக்காளர்களை மட்டும் எண்ண வேண்டும் என்றார்கள். 2016ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மொத்த மக்கள்தொகையை வைத்து மாநிலம் கோடு வரையலாம் என்று நீதிபதிகள் எண்மரும் ஒருமனதாக முடிவுசெய்தனர். வாக்களிக்காத குழந்தைக்கும் பள்ளிக்கூடம் வேண்டும், வாக்கில்லாத குடியேறிக்கும் உறுப்பினரின் உதவி வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கு ஐம்பது ஆண்டுகள் முன்பு, 1966ல், ஹவாய் மாநிலம் பதிவுபெற்ற வாக்காளர் எண்ணிக்கையைப் பயன்படுத்தியதையும் அதே நீதிமன்றம் அனுமதித்திருந்தது. ஓவாஹு தீவில் இராணுவத்தினரும் சுற்றுப்பயணிகளும் குவிந்திருந்ததால் தலைக்கணக்கு அங்கே தடம்புரண்டது என்பது ஹவாயின் வாதம்.

நம் ஊர் இந்த விஷயத்தில் ஹவாயின் பக்கம் நிற்கிறது. சிங்கப்பூரின் மொத்த மக்கள்தொகை 2024 ஜூன் நிலவரப்படி 6.04 மில்லியன். அதில் குடிமக்கள் ஏறத்தாழ 3.64 மில்லியன். 2025 தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலில் இருந்தோர் ஏறத்தாழ 2.75 மில்லியன். தொகுதி எல்லை இந்தக் கடைசி எண்ணை வைத்தே வரையப்படுகிறது. பத்து ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கணக்கெடுப்புக்கும் எல்லைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. வேலை அனுமதிச் சீட்டில் வந்து தங்குவிடுதிகளில் இருக்கும் நம் ஊழியர்கள் ஒரே தொகுதிக்குள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது, வாக்காளரை மட்டும் எண்ணுவதற்கு நியாயம் இருக்கிறது. இல்லாவிட்டால் அனமோசாவின் சிறிய உருவம் இங்கேயும் வந்துவிடும்.

ஆனால் அதே அளவுகோல் பொங்கோலுக்குச் சற்று அநியாயம் செய்கிறது என்பது என் எண்ணம். இளம் குடும்பங்கள் நிறைந்த நகரம் அது. 21 வயது நிரம்பாத யாரும் கணக்கில் இல்லை. பாலர்பள்ளி இடம், பள்ளிக்கூட வாசலில் பாதுகாப்பான நடைபாதை, மின்தூக்கியில் சிக்கிய தள்ளுவண்டி என்று அங்கே ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் வாசலுக்கு வரும் வேலை, முதியோர் நிறைந்த ஒரு பழைய பேட்டையில் அதே எண்ணிக்கை வாக்காளர்களால் வரும் வேலையிலிருந்து வேறுபட்டது. தலைகளும் அதிகம். குடிமக்கள், நிரந்தரவாசிகள், பிள்ளைகள் எல்லாரையும் சேர்த்த எண்ணிக்கையை, முடிவுக்கு வேண்டாம் என்றாலும், அறிக்கையில் பக்கத்திலேயே ஒரு பத்தியாகப் போடலாம். புள்ளிவிவரத் துறை வட்டாரவாரியாக ஆண்டுதோறும் வெளியிடும் விவரம்தானே அது.

அடுத்தது, எவ்வளவு வித்தியாசம் பொறுக்கத்தக்கது என்பது. 2.75 மில்லியன் வாக்காளரை 97 இடங்களால் வகுத்தால், ஓர் உறுப்பினருக்குச் சராசரியாக ஏறத்தாழ 28,400 பேர். நம் குழு இந்தச் சராசரியிலிருந்து 30 விழுக்காடு மேலும் கீழும் போக இடம் தருகிறது. அதாவது ஓர் உறுப்பினரை மட்டும் கொண்ட தனித்தொகுதியில் ஏறத்தாழ 20,000 பேரும் இருக்கலாம், 37,000 பேரும் இருக்கலாம். இந்த இரண்டு எல்லையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிறிய தொகுதியில் இருப்பவரின் வாக்கு, பெரிய தொகுதியில் இருப்பவரின் வாக்கைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு கனக்கிறது.

அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்களில், மிகப் பெரிய தொகுதிக்கும் மிகச் சிறிய தொகுதிக்கும் உள்ள இடைவெளி சராசரியில் 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் நீதிமன்றம் பொதுவாகத் தலையிடாது. ஐயோவா இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. அங்கே 2020ல் 3,190,369 பேர். கீழவைக்கு 100 இடங்கள். ஓர் உறுப்பினருக்கு ஏறத்தாழ 31,900 பேர், கிட்டத்தட்ட நம் உறுப்பினர்களுக்கு இருப்பதுபோல். அங்கே எந்தத் தொகுதியும் இன்னொன்றைவிட 5 விழுக்காட்டுக்கு மேல் பெரிதாக இருக்கக்கூடாது. அதாவது 1,600 பேர், நம் கணக்கில் சில வீவக புளோக்குகள். சோளக்காடுகள் பரந்து கிடக்கும் மாநிலத்தால் அது முடிகிறதென்றால், புளோக் புளோக்காக ஆள் வாழும் நம் தீவால் 30 விழுக்காட்டைக் குறைக்க முடியாது என்று நான் நம்பவில்லை. பிரிட்டனில், ஒருசில தீவுத் தொகுதிகளைத் தவிர, மேலும் கீழும் 5 விழுக்காடுதான் வரம்பு. மறுபக்கம், அக்கம்பக்கத்தைப் பார்த்து நாம் ஆறுதலும் கொள்ளலாம். மலேசியாவின் 2018 பொதுத் தேர்தலில் பாங்கி தொகுதியில் ஏறத்தாழ 178,000 வாக்காளர், சரவாக்கின் இகான் தொகுதியில் 20,000க்கும் குறைவு.

எண்ணிக்கை சமமானால் நியாயம் வந்துவிடுமா? இங்கேதான் மகளைச் சமையலறைக்கு அழைத்துப் போனேன். வெள்ளைக் கொண்டைக்கடலை ஒன்பது, கறுப்புக் கொண்டைக்கடலை ஆறு எடுத்து மேசையில் பரப்பினேன். பதினைந்து புளோக்குகள் என்று வைத்துக்கொள். ஐந்து ஐந்தாக மூன்று தொகுதி பிரிக்க வேண்டும். முதலில் ஒவ்வொரு தொகுதியிலும் மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு. மூன்று இடத்தையும் வெள்ளையே வென்றது. பதினைந்தில் ஆறு பேர் ஆதரித்த கறுப்புக்கு ஒன்றுமில்லை. பிறகு கலைத்து, ஒரே தொகுதியில் ஐந்து வெள்ளையையும் சேர்த்து அடைத்தேன். மீதி நான்கு வெள்ளையும் ஆறு கறுப்பும் இரண்டு தொகுதிகளில், ஒவ்வொன்றிலும் மூன்று கறுப்பு, இரண்டு வெள்ளை. இப்போது சிறுபான்மையான கறுப்பு இரண்டு இடம், பெரும்பான்மையான வெள்ளை ஓர் இடம். ஒரு கடலையும் கூடவில்லை, குறையவில்லை. தொகுதிக்கு ஐந்து என்ற சமத்துவம் இரண்டு தடவையும் அப்படியே இருந்தது. "அப்படியென்றால் எண்ணி என்ன பயன்?" என்று கேட்டாள். எண்ணினால் அலபாமாவைத் தடுக்கலாம். இதைத் தடுக்க எண்ணுவது மட்டும் போதாது.

1812ல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரி ஒப்பமிட்ட சட்டத்தில் ஒரு தொகுதி பல்லி போன்ற சாலமாண்டர் விலங்காக வளைந்திருந்தது. அவர் பெயரையும் அந்த விலங்கின் பெயரையும் சேர்த்து உருவான 'ஜெரிமாண்டர்' என்ற சொல் இருநூறு ஆண்டுகளாக உயிரோடு இருக்கிறது. வளைந்து நெளிந்த வடிவத்தைப் பார்த்து மட்டும் களவு என்று சொல்லிவிட முடியாது. ஆறும் நெடுஞ்சாலையும் கோட்டை வளைக்கும். அழகான சதுரத்துக்குள்ளும் கடலை விளையாட்டை ஆடலாம். 2019ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கட்சி ஆதாயத்துக்காக வரையப்படும் எல்லைகளைக் கூட்டரசு நீதிமன்றங்கள் அளந்து தீர்க்க முடியாது என்று கைவிரித்துவிட்டது. ஆகவே பென்சில் யார் கையில் இருக்கிறது, அந்தக் கைக்கு எது தெரியக்கூடாது என்ற கேள்வி அங்கே முன்னைவிடப் பெரிதாகிவிட்டது.

அதற்கு எனக்கு மிகவும் பிடித்த பதில் மறுபடியும் ஐயோவாவிலிருந்தே வருகிறது. அங்கே கோட்டை வரைவது கட்சி சாராத சட்டமன்றப் பணியாளர் அலுவலகம். 1980ல் வந்த சட்டப்படி, வரைபவர்கள் பதவியில் இருப்பவரின் வீட்டு முகவரியைப் பார்க்கக்கூடாது. கடந்த தேர்தல் முடிவைப் பார்க்கக்கூடாது. வாக்காளர் எந்தக் கட்சியில் பதிந்திருக்கிறார் என்பதையும் பார்க்கக்கூடாது. மக்கள்தொகை, மாவட்ட எல்லை, ஒன்றோடொன்று தொட்டிருத்தல், கச்சிதமான வடிவம், இவைதான் கையில். வரைந்ததை ஊருக்குக் காட்டிக் கருத்துக் கேட்கிறார்கள். பிறகு சட்டமன்றம் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று வாக்களிக்கிறது. 2021ல் மேலவை முதல் வரைவை நிராகரித்தது. இரண்டாவதை ஏற்றுக்கொண்டது. கலிஃபோர்னியாவோ 2008ல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் குடிமக்கள் ஆணையம் ஒன்றை அமைத்தது. அதில் பதினான்கு பேர். இரு பெரிய கட்சிகளிலிருந்தும் ஐந்து ஐந்து பேர், இரண்டிலும் சேராத நால்வர்.

நம் குழுவில் யார் இருக்கிறார்கள்? பிரதமரின் செயலாளர் தலைவர். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், சிங்கப்பூர் நில ஆணையம் ஆகியவற்றின் தலைமை நிர்வாகிகள், தலைமைப் புள்ளிவிவர நிபுணர், தேர்தல் துறையின் தலைவர். எங்கே புது வீடு எழுகிறது, எங்கே பழைய புளோக் இடிபடுகிறது என்பதை இவர்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. கட்சிக்காரர் யாரும் உள்ளே இல்லை. அரசாங்கத் தரப்பின் வாதமும் இதுவே: குழு வாக்களிப்புப் போக்கைப் பார்ப்பதில்லை, கட்சிகளை உள்ளே அழைத்தால் எல்லை வரைவது பேரமாகிவிடும். 2024 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சி இதைப் பற்றிக் கொண்டுவந்த தீர்மானம் தோற்றபோதும் இந்த வாதமே முன்வைக்கப்பட்டது. அதில் உண்மை இருக்கிறது. அமெரிக்காவைப் பார்த்த பிறகு அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. குழு எப்போது அமைய வேண்டும் என்று சட்டம் சொல்வதில்லை, பிரதமர் முடிவுசெய்கிறார். வரைவு வெளியாவதில்லை, பொதுமக்களிடம் கருத்துக் கேட்பதில்லை. அறிக்கைக்கும் வாக்களிப்புக்கும் இடையே எத்தனை நாள் என்பதும் திட்டமில்லை. 2001ல் அக்டோபர் 17ஆம் தேதி அறிக்கை வந்தது, நவம்பர் 3ஆம் தேதி வாக்களிப்பு. பதினேழு நாள். 2025ல் ஐம்பத்து மூன்று நாள் கிடைத்தது. முன்னேற்றம்தான், ஆனால் அது கொடுக்கப்பட்டது, உறுதிசெய்யப்பட்டது அல்ல.

காரணம் எழுதப்படாத இடத்தில் ஐயம் குடியேறிவிடுகிறது. 1997ல் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி 45 விழுக்காடு பெற்ற செங் சான் குழுத்தொகுதி (பல உறுப்பினர்கள் ஓர் அணியாகப் போட்டியிடும் தொகுதி) 2001ல் வரைபடத்தில் இல்லை. 2011ல் 388 வாக்கு வித்தியாசத்தில் முடிவான ஜூ சியட் தனித்தொகுதி 2015ல் மரின் பரேட்டோடு கலந்தது. புக்கிட் பாத்தோக் தனித்தொகுதி 2025ல் மறைந்தது. அதே 2025ல் எதிர்க்கட்சி வசமிருந்த அல்ஜுனிட், செங்காங், ஹவ்காங் மூன்றின் எல்லையும் அசையவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இவற்றுள் எது வீடமைப்பால் வந்தது, எது வேறு காரணத்தால் வந்தது என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பிரித்தறிய வழியில்லை. பாசிர் ரிஸ்-பொங்கோல், செம்பவாங், தெம்பனிஸ் பகுதிகளில் வாக்காளர் பெருகியதை 2025 அறிக்கை காரணமாகச் சொன்னது, அது புரிகிறது. தொகுதிக்குத் தொகுதி அப்படி நான்கு வரி எழுதினால், வேலையை நேர்மையாகச் செய்யும் அதிகாரிகளுக்கே அது பாதுகாப்பு.

லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் இதை நேரில் அறிவார்கள். ஜாலான் புசார் குழுத்தொகுதி 2011ல் மறைந்து, லிட்டில் இந்தியா அடங்கிய மோல்மீன்-காலாங் குழுத்தொகுதி வந்தது. 2015ல் மோல்மீன்-காலாங் போய், மறுபடி ஜாலான் புசார் வந்தது. பெயர்ப்பலகை மாறும்போது நகர மன்றம் மாறுகிறது, மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சி நடக்கும் புளோக் மாறுகிறது. மின்தூக்கி பழுது, ஓய்வூதியக் கடிதம் என்று பாதியில் நிற்கும் விண்ணப்பத்தோடு மூதாட்டி ஒருவர் புதிய இடத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. எல்லை மாற்றத்தின் விலை வரைபடத்தில் தெரியாது, இப்படித்தான் தெரியும்.

தமிழர்களான நமக்கு இதில் இன்னொரு கண்ணி உண்டு. அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தின் வழியாக, சிறுபான்மையினர் அடர்ந்து வாழும் இடத்தைச் சுற்றிக் கோடு வரைந்து, அவர்கள் விரும்பியவரைத் தேர்ந்தெடுக்க வாய்ப்புத் தருவது ஒரு வழியாக வளர்ந்தது. 2023ல் அதே அலபாமா, மக்களில் கால் பங்குக்கும் அதிகமான கறுப்பினத்தவருக்கு ஏழு நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒன்றே ஒன்றை ஒதுக்கிய வரைபடத்துக்காக உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. சிங்கப்பூரில் அந்த வழிக்கு இடமே இல்லை. 1989 முதல் நடப்பிலுள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி, ஒரு வீவக புளோக்கில் இந்தியரும் பிறரும் சேர்ந்து 15 விழுக்காட்டையும், ஒரு பேட்டையில் 12 விழுக்காட்டையும் தாண்டக்கூடாது. பத்தில் ஏறத்தாழ எட்டுக் குடும்பங்கள் வீவக வீட்டில். 2020 கணக்கெடுப்பில் இந்தியர் 9 விழுக்காடு. பென்சிலை எப்படி வளைத்தாலும் இந்தியர் பெரும்பான்மையாக இருக்கும் ஒரு தொகுதியை இங்கே வரைய முடியாது.

வீட்டுக் கொள்கை நம்மைப் பரப்பி வைத்தது. அதனால் நம் பிரதிநிதித்துவத்தைக் கோட்டால் காப்பாற்ற முடியாமல், 1988ல் வந்த குழுத்தொகுதி முறையால் காப்பாற்ற வேண்டியதாயிற்று. ஓர் அணியில் ஒருவராவது சிறுபான்மை இனத்தவர் என்ற விதி. முதலில் மூவர் அணி, பிறகு ஆறு பேர் வரை பெருத்து, இப்போது நால்வர் ஐவர். சிறுபான்மை உறுப்பினர் ஒருவரை உறுதிசெய்ய மூவர் அணியே போதும் என்பது என் கருத்து. அணி பெருக்கப் பெருக்க, ஒரு சாலையை இங்கேயோ அங்கேயோ சேர்ப்பதன் விளைவும் பெருக்கிறது. நால்வரோ ஐவரோ ஒன்றாக வெல்கிறார்கள், ஒன்றாகத் தோற்கிறார்கள். இதைச் சொல்லும்போது குழுத்தொகுதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாத நாடாளுமன்றத்தில் தமிழ் பேசும் உறுப்பினர் எத்தனை பேர் இருப்பார்கள் என்ற கவலை எனக்கும் உண்டு.

நம் அறிக்கை வந்து பதினொரு நாளில், மார்ச் 22ஆம் தேதி, சென்னையில் தமிழ்நாடு முதல்வர் கூட்டிய கூட்டத்துக்குக் கேரளா, தெலங்கானா, பஞ்சாப் முதல்வர்கள் வந்தார்கள். தஞ்சாவூரிலிருந்து பெரியப்பா அலைபேசியில் அழைத்து, "உங்கள் ஊரிலும் தொகுதி மறுவரையறையாமே?" என்று கேட்டார். சொல் ஒன்று, விஷயம் இரண்டு. ஒரு மாநிலத்துக்குள் கோட்டை எங்கே போடுவது என்பது ஒன்று. 2001 கணக்கெடுப்பை வைத்து 2008ல் தமிழ்நாட்டில் அது நடந்தது. மொத்தம் 234 இடம் மாறாமலே சென்னையின் சட்டமன்றத் தொகுதிகள் 14லிருந்து 16 ஆயின. சிவகாசி, பழனி என்ற நாடாளுமன்றத் தொகுதிகள் மறைந்தன. வரைவை வெளியிட்டு ஆட்சேபம் கேட்டார்கள். பெரிய சண்டை இல்லை. எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பது இன்னொன்று. அந்த எண்ணிக்கை 1971 கணக்கெடுப்போடு 1976ல் உறைய வைக்கப்பட்டது. பிறகு 2026க்குப் பின் வரும் முதல் கணக்கெடுப்பு வரை அந்த உறைவு நீட்டிக்கப்பட்டது. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் 7.21 கோடி பேருக்கு 39 உறுப்பினர், ஆளுக்கு 18.5 லட்சம். உத்தரப் பிரதேசத்தில் 19.98 கோடிக்கு 80, ஆளுக்கு ஏறத்தாழ 25 லட்சம். குடும்பக் கட்டுப்பாட்டைச் செம்மையாகச் செய்த மாநிலம் அதற்காக இடம் இழப்பதா என்று பெரியப்பா கேட்கிறார். லக்னோவில் இருப்பவரின் வாக்கு ஏன் மெலிந்திருக்க வேண்டும் என்று அங்குள்ளவர் கேட்பார். இரண்டும் நேர்மையான கேள்விகள். தலைக்கணக்கு மட்டும் அதற்குத் தீர்ப்புச் சொல்லாது, அது கூட்டாட்சி பற்றிய ஒப்பந்தம். சிங்கப்பூரில் மாநிலம் இல்லை, அந்தச் சிக்கலும் நமக்கு இல்லை. நமக்கு இருப்பது முதல் வகைக் கேள்வி மட்டும். அதனால்தான் அதைத் திறந்த வெளியில் செய்வது நமக்கு எளிது என்று நினைக்கிறேன். வரைவைப் போடுங்கள், நான்கு வாரம் கருத்துக் கேளுங்கள், இறுதி எல்லைக்கும் தேர்தலுக்கும் இடையே ஆறு மாதமாவது இருக்கட்டும்.

வாக்களிப்பு நாளுக்கு முந்தைய வாரம், மகளும் நானும் அறிக்கையின் பின்னிணைப்பில் இருந்த அட்டவணையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒவ்வொரு தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கையையும் உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து, அவள் ஒரு தாளில் வரிசையாக எழுதினாள். 33 தொகுதி, அரை மணி நேரம். எல்லாமே வரம்புக்குள் இருந்தன, எங்களுடையதும். பேனாவை மூடிவிட்டு, எங்கள் சாலையை வரைபடத்தில் விரலால் தொட்டு, கோடு ஏன் இந்தச் சாலையில் வந்தது, அடுத்த சாலையில் ஏன் வரவில்லை என்று கேட்டாள். அட்டவணையில் அதற்கு ஒரு வரியும் இல்லை.